மூன்றாவது நட்டு

கிடத்தியிருந்த மாமனாரின் உடல்மேல் அவன் போர்வையை மார்பு வரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது உள்ளறையில் டைமர் 'டக்'கென்றது. உடனே 'உஸ்ஸ்' என்று தண்ணீர் பீய்ச்சும் சத்தம். கூடத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"அது ஒண்ணுமில்ல" என்றாள் அவன் மனைவி. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "அப்பாவோட பச்சோந்திக்குத் தண்ணி. பதினோரு மணி ஆச்சுன்னா தானா வரும்." பிறகு அவன் பக்கம் குனிந்து, "ஏங்க, போய்ப் பாருங்க. ஒழுகிட்டிருக்கும். அமரர் வண்டி வர்ற நேரத்துல ஆளாளுக்கு வழுக்கி விழப்போறாங்க."

அவன் ஸ்பேனரையும் ஒரு பழைய துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அவன் பிளம்பர். அவன் பூட்டிய இணைப்பு ஒழுகுகிறது என்று இதுவரை எந்த வீட்டிலிருந்தும் திரும்பக் கூப்பிட்டதில்லை. மானம் போனது சொந்த வீட்டில்தான்.

மாமனார் அச்சகத்தில் பிழை திருத்துபவராக முப்பது வருடம் இருந்தவர். மகள் ஒரு குழாய்க்காரனைக் கட்டிக்கொண்டதையும் அவர் பிழையாகத்தான் பார்த்தார். திருத்த முடியாமல் அச்சாகிவிட்டது, அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. மாமியார் போன பிறகு இவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அப்போதும் மகளிடம் "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்றுதான் பேச்சு. அவன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான். இந்த மனிதர் கணக்கில் நாம் ஒரு ஆளே இல்லை என்பது அவனுக்கு உள்ளூர வலித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊர் மாறியபோது ஒரு பச்சோந்தியைக் கூண்டோடு அவரிடம் விட்டுப் போனார்கள். கிண்ணத்தில் வைத்தால் அது குடிக்காது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். மாமனார் புத்தகம் படித்தார், கடைக்குப் போனார், சமையலறைக் குழாயிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றைச் சுவர் வழியாக இழுத்துக் கூண்டின் மேல்தட்டில் பனிபோலத் தூவும் முனைகளை மாட்டினார். பிளம்பரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாமா, இப்படி நேரா இழுத்தா கூண்டுத் தண்ணி திரும்பி வந்து நாம குடிக்கிறதுல கலந்துடும். அப்புறம் பச்சோந்தி எச்சில்லதான் டீ போடணும்."

அவர் சிரிக்கவில்லை. "உன் வீட்டுக்காரர என்னவோ செஞ்சுக்கச் சொல்லு" என்று மகளிடம் சொன்னார்.

தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, அவசரத்துக்கு மூட ஒரு திருகு, கூண்டுக்கு அடியில் தட்டு, தட்டிலிருந்து குளியலறைக்கு வடிகுழாய் என்று எல்லாவற்றையும் அவன் ஒழுங்காகச் செய்தான். மறுநாளே வால்வை ஒட்டிய நட்டு ஒழுகியது.

"இன்ஜினியரே! இங்க வந்து உங்க வேலை லட்சணத்தப் பாருங்க!"

அன்று முதல் தினமும் காலை ஆறரைக்கு, முதல் தூவல் ஓடும்போது, இதே கூப்பாடுதான். அவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து முறுக்குவான். அவர் பிரம்பு நாற்காலியில் டீயோடு உட்கார்ந்து குறை சொல்வார். குறை தீர்ந்ததும் பேச்சு எங்கெங்கோ போகும். உயிரோடு இருந்த ஒருவரின் படம் இரங்கல் செய்தியில் வந்துவிட்ட கதையை நாலு தடவை சொல்லியிருக்கிறார். "அவரே நேர்ல வந்து நின்னாரு. என்ன பண்றது? உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தேன்." நாலாவது தடவையும் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அவன் வாஷரை மாற்றினான். டேப் சுற்றினான். நட்டையே இரண்டு முறை மாற்றினான். இது மூன்றாவது. பித்தளை நட்டு ஒரு தடவை இறுகினால் தானாகத் தளராது. எந்தப் பிளம்பருக்கும் அது தெரியும். அவனோ அழுத்தத்தைக் குறை சொன்னான், சுவர் அதிர்வைக் குறை சொன்னான், கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டான்.

நேற்றுக் காலை ஒரு மாடி வீட்டில் தொட்டிக் குழாய் வெடித்துவிட்டது. ஒழுகும் நட்டுக்கு அடியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினான். "சாயங்காலம் பாக்கறேன் மாமா."

"சரி, போங்க. அவசரம்னா அவசரந்தான்."

நாலு மணிக்கு மனைவி போன் செய்தாள். அவர் அந்த நாற்காலியிலேயே சாய்ந்தபடி போயிருந்தார்.

இப்போது அவன் கூண்டின் அருகே குனிந்து கையை நீட்டினான். டம்ளர் அங்கே இல்லை. கழுவி, ஜன்னலோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே தண்ணீர் இன்னும் தூவிக்கொண்டிருந்தது. விரலால் நட்டைச் சுற்றித் தடவினான். ஈரமே இல்லை. ஸ்பேனரை மாட்டித் திருகினான். அசையவில்லை.

நேற்று அவன் முறுக்காமல்தான் போனான். மனைவி கூண்டுக்குக் கிட்டவே போகமாட்டாள், பச்சோந்தி என்றால் அவளுக்குப் பயம்.

கண்ணை அருகில் கொண்டுபோனான். நட்டின் முனைகளில் பல் பதிந்த கீறல்கள், பழையதும் புதியதுமாக. ஸ்பேனர் அப்படிக் கீறாது.

எழுந்து நாற்காலியின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு சின்னக் கட்டிங் பிளேயர் இருந்தது. அதன் வாயில் பித்தளைப் பொடி மினுங்கியது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும் நட்டைத் தளர்த்தி வைத்துவிட்டு, காலையில் கூப்பிட்டிருக்கிறார். நேற்று அவன் போன பிறகு, அவரே இறுக்கிவிட்டு, டம்ளரையும் கழுவி வைத்திருக்கிறார். நேற்று ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தான்.

"ஏங்க" என்று மனைவி வாசலில் வந்து நின்றாள். "வண்டி வந்துடுச்சு. ஒழுகுதா?"

அவன் பிளேயரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆமா, கொஞ்சம் ஒழுகுது. நீ போ, பாத்துட்டு வரேன்."

அவள் போனதும் துணியை மடித்துப் போட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். தூவல் நின்றது. பச்சோந்தி ஒரு கண்ணை அவன் மேலும் மற்றொரு கண்ணை நாற்காலியின் மேலும் வைத்துக்கொண்டு, இலையில் நின்ற துளியை நக்கியது.