அறுபத்தெட்டு மில்லிமீட்டர்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைத் தலைப்பில் முதலாளி. அவருக்கு வலப்பக்கம், எங்கள் விளையாட்டை வாங்க வந்திருந்த அம்மாள். ஏழு ஊர்களில் விளையாட்டுக் கூடம் நடத்துகிறவர். அவருக்கு எதிரே என் நாத்தனார், விளையாட்டை உருவாக்கியவள். அவளுக்கு அடுத்த நாற்காலியில் நான். கதவோரம், உட்கார இடம் போதாமல் ஓர் அட்டைப்பெட்டியின் மேல், படம் வரைகிற சுருள்முடிக்காரர். மேசை நடுவில், கண்ணுக்குள் வேறோர் உலகத்தைக் காட்டுகிற ஹெட்செட் கவிழ்ந்து கிடந்தது. அதையும் சேர்த்தால் ஆறு. அந்த அறையில் பொய் சொல்லத் தெரியாதது அது ஒன்றுதான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

என் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அந்த ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, தரையில் வெள்ளை நாடா ஒட்டிய சதுரத்துக்குள் நின்று ஆட வேண்டும். எந்த நிமிடத்தில் வாயில் எச்சில் ஊறுகிறது, எப்போது நெற்றி வேர்க்கிறது, எப்போது குமட்டுகிறது என்று எழுதிவைக்க வேண்டும். பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தத்திலேயே ஜன்னலைத் தேடுகிறவள் நான். "உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் அண்ணி ஆபீஸ்ல தேடறாங்க. உங்க வியாதிக்கே வேலை கெடைச்சிருக்கு, போங்க!" என்று நாத்தனார்தான் சேர்த்துவிட்டாள். நாற்பது நாள் ஆடினேன். நெற்றியில் பஞ்சுத் தடம் பதிந்தது. பின்வாரை இறுக்கினால் தலைமுடி பிடுங்கும், தளர்த்தினால் பெட்டி மூக்கில் சரியும். மூன்றாவது துளைதான் எனக்குச் சரி என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. கோடு போட்ட நோட்டில் நாளுக்கொரு பக்கம். எந்தப் பக்கத்திலும் பதினொரு நிமிடத்தை நான் தாண்டியதில்லை. விளையாட்டில் வரும் தொங்குபாலத்தில் வளைவு வருகிற இடத்தில் காலடியில் தரை நிற்கும், கண்ணுக்குள் உலகம் திரும்பும். வயிறு இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் மேலே ஏறும். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரே வரியை எழுதியிருந்தேன்: திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவும்.

நோட்டைப் பார்த்து அறிக்கையாகத் தட்டச்சு செய்தவள் நாத்தனார். அதைத்தான் அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி வாசித்துக்கொண்டிருந்தார்.

"அரை மணி நேரம் நின்னுக்கிட்டே ஆடியிருக்கீங்க. கிறுகிறுப்பு இல்ல, குமட்டல் இல்ல. நிஜமாவாம்மா?"

அவர் என்னைத்தான் கேட்டார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"அவங்களுக்கு என்னங்க, இரும்பு வயிறு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஓர் அறையே சிரிக்கும்போது முகம் நம்மைக் கேட்டுக்கொண்டா சிரிக்கிறது? "அப்ப நாற்காலி வேணாம், கைப்பிடிக் கம்பியும் வேணாம். நின்னே ஆடட்டும். எடம் மிச்சம்" என்று அம்மாள் தன் பட்டியலில் இரண்டு வரிகளை அடித்தார். நாத்தனார் என் பக்கம் திரும்பாமலே என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

கூட்டம் கலைந்ததும் அறிக்கையின் ஒரு பிரதியை நடைவழியில் வைத்துப் புரட்டினேன். முதல் பக்கத்தில் என் பெயர். இரண்டாம் பக்கத்தில் ஹெட்செட் தானாகவே பதிந்துவைக்கும் குறிப்புகள்: நாள், நேரம், கண்ணிடைத் தூரம். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ஏற்றபடி உள்ளே இருக்கும் வில்லைகளை ஒரு சின்னச் சக்கரத்தால் தள்ளிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று இரண்டாகத் தெரியும். எனக்கு அறுபத்தெட்டு மில்லிமீட்டர். பெண் பார்க்க வந்த அன்றே மாமியார், "பொண்ணுக்குக் கண்ணு ரெண்டும் கோவிச்சுக்கிட்டுத் தள்ளித் தள்ளி நிக்குது" என்று சிரிக்கவைத்தவர். அறிக்கையில் இருந்தது ஐம்பத்தெட்டு. அந்த எண் எனக்குத் தெரியும். தினமும் காலையில் சக்கரத்தை அந்த எண்ணிலிருந்துதான் நகர்த்தி என் எண்ணுக்குக் கொண்டுவருவேன். அலுவலகத்தில் அது ஒரே ஒருத்தியின் கண்.

நேரத்தையும் பார்த்தேன். மூன்று பத்திலிருந்து மூன்று நாற்பது. பிறகு தேதியைப் பார்த்தேன். நான் வளைவில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட நாள். அன்று என்னைத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போய், சாமான் அறையில் பஞ்சுப் பலகைகளை விரித்துப் படுக்கவைத்து, தன் கைக்குட்டையை நனைத்துக் கண்மேல் போட்டவள் நாத்தனார்தான். "கண்ணத் தொறக்காதீங்க அண்ணி. மீதிய நான் பாத்துக்கறேன்." கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று அந்த ஈரத்துக்கு அடியில் கண்கலங்கிக் கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் என் பெயரில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாலையில் வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அறிக்கையைத் துணிகளின் மேல் வைத்தேன். அவள் எண்ணைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"உங்க நோட்டக் காட்டியிருந்தா அந்தம்மா எந்திரிச்சுப் போயிருப்பாங்க அண்ணி. வளைவ மாத்தணும்னா மொத்தப் பாலத்தையும் திரும்பச் செய்யணும். அதுக்கு நாள் இல்ல."

"அப்ப உன் பேரையே போட்டுக்க வேண்டியதுதானே?"

"செஞ்சவளே ஆடிப்பாத்து நல்லாருக்குன்னு சொன்னா யாரு நம்புவா?"

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. நான் கணவரைப் பார்த்தேன். அவர் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்.

"வெளிய பேசற விஷயமா இது? வீட்டுக்குள்ளயே விடு. உனக்கு ஊஞ்சல்ல ஒக்காந்தாலே வாந்தி வரும்."

"அதுக்குத்தானே என்னை எடுத்தாங்க?"

அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவ என்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டா. நீ வருத்தப்படுவேன்னுதான் நான் சொல்லல." முழங்காலுக்கு அன்று ராத்திரி மருந்து தடவியவர் அவர். தடவும்போதே தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் அந்த அம்மாளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிய வரிசை கையை விட்டுப் போகவில்லை. 'பொருள்: பொய்யான அறிக்கை குறித்து' என்று எழுதினேன். தாளைக் கசக்கி, புதிய தாளில் 'பொருள்: நாற்காலிகள் குறித்து' என்று எழுதினேன். நாத்தனாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதியது இது: அந்த அரை மணி நேரம் ஆடியது நான் அல்ல. நான் ஆடியது பதினொரு நிமிடம், அதன் முடிவில் விழுந்தேன். உங்கள் பட்டியலில் அடித்த இரண்டு வரிகளையும் திரும்ப எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது பக்கங்களின் நகல் இணைப்பில் உள்ளது. இவ்வளவுதான். வேலை போகும். வீடு என்ன ஆகும் என்று எழுத எந்தக் கடிதத்திலும் இடம் கிடையாது.

படியிறங்கும்போது நாத்தனார் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணி? ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்."

"தபால் ஆபீஸ்."

வண்டிக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். என் பை கனமாக இருந்தது அவளுக்கும் தெரிந்திருக்கும். "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். வழியில் நான்கு திருப்பங்கள். ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்து, காலைத் தரையில் உரசியபடி, தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோவதுபோலத் திருப்பினாள். எனக்குக் குமட்டவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அவள் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றாள். உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் உறையின் வாயில் பசை தடவி மடித்தேன். விளிம்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினேன். குமாஸ்தா வாங்கித் தராசில் வைத்தார். பழைய முள் தராசு. முள் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, நெடுநேரம் ஆடியது. நான் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றதும் அவர் முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார். வெளியே வண்டியின் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.