உள்ளே வந்த வெளிச்சம்

அப்பாவைச் சுவர்ப்பக்கம் சரித்துப் பிடித்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது லவீனாவின் போன் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பிள்ளை, நான் விழப்போறன்," என்றார் ஐசாக்.

அவரை மெல்ல மல்லாத்திவிட்டுக் கட்டிலோரம் இருந்தாள். ரொறன்ரோ ஆய்வுகூடத்தில் அவளோடு வேலைசெய்யும் கிருஷாந் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கறுப்புத் திரை. முதலில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு திரை முழுவதும் பச்சை. கீழே, 'அக்கா, பத்தீட்டுது!' என்று எழுதியிருந்தான்.

அவள் வடிவமைத்த ஆர்.என்.ஏ. இதுவரை கண்ணாடிக் குழாயில் மட்டுமே ஒளிர்ந்தது. உயிருள்ள கலத்துக்குள், அதாவது உயிரணுவுக்குள், போனால் இருண்டுவிடும். வருடக்கணக்காக அதோடு மல்லுக்கட்டி, கடைசிப் பரிசோதனையைத் தொடங்கவிருந்த கிழமையில்தான், அப்பாவின் ஈரல் புற்றுநோய்க்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற செய்தி வந்தது. எல்லாவற்றையும் கிருஷாந்திடம் ஒப்படைத்துவிட்டு, சொந்த ஊரான உடுவிலுக்கு ஓடிவந்தாள். வந்த நாளிலிருந்து ஐசாக்குக்கு நோயைவிட, அவள் வேலையை விட்டு வந்ததுதான் பெரிய வேதனை. "உந்த வருத்தம் கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம். உன்ரை வேலையையும் கெடுத்துப்போட்டன்," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"அப்பா, கெடேல்லை. இஞ்சை பாருங்கோ!"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்ன, உள்ளுக்கு பல்ப் போட்டிருக்கிறியோ?"

"அப்பிடித்தான். நாங்கள் செய்த ஆர்.என்.ஏ. கலத்துக்குள்ளை சும்மா மடிஞ்சு கிடக்கும். மருந்து வந்து தொட்டா மடிப்பு மாறி வெளிச்சம் காட்டும். அந்தக் கலம் பெருகிறதையும் நிப்பாட்டும். மருந்தை வெளியிலை எடுத்தா திரும்பப் பெருகும்."

"உயிரோடையோ?"

"ஓம் அப்பா. உயிரோடைதான்."

கதவடியில் சுடுதண்ணீர்க் கோப்பையுடன் நின்ற அம்மா கத்தரீனா மெதுவாகக் கேட்டாள். "பிள்ளை, உது அப்பாவுக்கு..."

லவீனாவின் சிரிப்பு நின்றது. "இல்லையம்மா. இப்ப தட்டிலை வளர்க்கிற கலங்களிலைதான். ஆக்களுக்கு வாறதெண்டா எவ்வளவு காலமோ தெரியாது."

கத்தரீனா கோப்பையை மேசையில் வைத்தாள்.

"எனக்கேன் கத்தரீனா?" என்றார் ஐசாக். "நான் இறங்கிற பஸ் ஹோல்ட் வந்திட்டுது. பின்னாலை ஏறுறவைக்கு உதவட்டும்."

காங்கேசன்துறை பஸ்ஸில் நெடுங்காலம் கொண்டக்டராக இருந்தவர். அன்று பஸ் நிலையம் முழுவதும் கேட்ட குரல் இப்போது கட்டிலைத் தாண்டவில்லை. "றூபன்! கேக் வாங்கிக்கொண்டு வாடா!" என்று கத்தினார். அது கூடத்தில் இருந்த மகனுக்குக் கேட்காததால் கத்தரீனா அவருக்காகத் திரும்பக் கத்தினாள்.

றூபன் மோட்டார்சைக்கிளில் சுன்னாகம் போய் வந்தான். பெட்டியைத் திறந்தால் கேக்கில் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருந்தது.

"வேறை ஐசிங் கேக் இல்லையாம் அப்பா."

"பிழையில்லை. இண்டைக்குத்தானே பிறந்திருக்கு."

அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் வீடியோ காட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மகாதேவியிடம், "என்ரை மகள் கலத்துக்குள்ளை லைற் போட்டிட்டாள்," என்றார் ஐசாக். அடுத்தடுத்த ஆட்கள் வரவர லைற் பெருகி, கடைசியில் கனடா முழுவதற்கும் லவீனாதான் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் அப்பிடிச் சொல்லேல்லை!"

"நீ சொல்லமாட்டாய். அதாலைதான் நான் சொல்லுறன்."

திருவிருந்து கொடுக்க வந்த போதகர், கேக்கையும் சிரிப்பையும் கண்டு வீடு மாறிவிட்டதோ என்று வாசலில் தயங்கினார். உள்ளே வந்து ஜெபத்துக்குக் கைகூப்பியதும் ஐசாக் சொன்னார்.

"சுருக்கமாச் சொல்லுங்கோ ஐயா. ஐசிங் உருகுது."

போதகருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெபம் உண்மையிலேயே சுருக்கமாக முடிந்தது. திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் துளியளவு வாங்கிக்கொண்ட ஐசாக், பிறகு கேக்குக்கும் வாயைத் திறந்தார். கத்தரீனா கரண்டி நுனியில் கொஞ்சம் ஊட்டினாள்.

"சீனி கூடிப்போச்சு," என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

பிறகு, "மகள், இன்னொருக்கா ஓடவிடு."

லவீனா போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள். "தெரியுதோ அப்பா?"

"ஓம், ஓம். கடைசி சீற்றிலையும் பத்துது."

மகாதேவி, ஐசாக் ஒருமுறை ஆட்டுக்கு ரிக்கற் கிழித்த கதையைத் தொடங்கினாள். ஆட்டுக்காரன் பாதிக் காசுதான் தருவேன் என்று நின்ற இடத்தில் அறையே அதிர்ந்தது. போதகர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லவீனாவுக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

அவர் போனைப் பார்த்தபடியே இருந்தார்; இமை அசையவில்லை. அவள் அவருடைய நெஞ்சில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது.

கத்தரீனா தட்டைக் கீழே வைத்தாள். அவருடைய உதட்டோரத்தில் ஒட்டியிருந்த ஐசிங்கைப் பெருவிரலால் வழித்தெடுத்தாள். துடைக்க ஒரு துணி தேடினாள். அருகில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.