ஜன பேக்கா

வெங்கடசாமியைப் போர்வையோடு தூக்கி மாடிப்படித் திருப்பத்தில் சாய்த்தபோது, தலைப்பக்கம் பிரகாஷின் கையிலிருந்து நழுவப் பார்த்தது. கால்பக்கம் வீட்டு ஓனர் மூச்சு வாங்கினார். ஈஜிபுராவின் வாடகை வீட்டுப் படிகள், உயிரோடு இருக்கிறவர்கள் ஒற்றையாய் ஏறி இறங்கத்தான் கட்டியவை. வேலைநாள். சொந்தக்காரர்கள் இன்னும் ஓசூரைத் தாண்டவில்லை.

"சுவத்துல தலை இடிக்கப்போவுது, பாத்துப் புடிடா," என்று மேலேயிருந்து அக்கா மரகதம் கத்தினாள். செத்த பிறகும் அவளுக்குப் புருஷன் தலை வலிக்கும்.

கீழே மணல் லாரிக்குக் காத்திருந்த ஒருவன் அண்ணாந்து பார்த்தான். துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, "அண்ணா, ஜன பேக்கா?" என்றான்.

ஆள் வேணுமா. பெங்களூரில் கூலிக்கு நிற்கிறவன் கேட்கிற கேள்வி அது. எனக்கு வேலை கொடு என்று கேட்பதில்லை. உனக்கு ஆள் வேணுமா என்று கேட்பது. கேட்கிறவனுக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சும்.

பிரகாஷ் தலையை அசைத்தான். வந்தவன் நடுவில் தோள் கொடுத்தான்.

பிரகாஷ் ஊரிலிருந்து வந்து இறங்கிய புதிதில், மாமா வெங்கடசாமி அவனை ஹெப்பகோடிக்குக் கூட்டிப்போய், டைல்ஸ் மேஸ்திரி ஒருவரிடம் இதே வார்த்தையைத்தான் அவனுக்காகக் கேட்டார். அங்கே இல்லை என்றதும் அடுத்த சைட். அங்கேயும் இல்லை என்றால் அதற்கடுத்தது. மாமா வாய் விட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் கலவை சுமந்தான், கல் பதித்தான், இன்று நாலு பேரை வைத்து வேலை எடுக்கிறான்.

போன ஆடியில் மாமா அவன் சைட்டுக்கு வந்தார். முட்டி வீங்கியிருந்தது. வேட்டியை இழுத்து அதை மறைத்துக்கொண்டு, பல்லைக் காட்டி, "இன்னா மேஸ்திரி, ஜன பேக்கா?" என்றார்.

மாமன் மச்சான் கிண்டல்தானே. பிரகாஷும் சிரித்து, அதே கன்னடத்தில் வேண்டாம் என்றான். "கிழவனுங்கல்லாம் பேடா மாமா."

மாமாவும் சிரித்தார். டீ குடித்துவிட்டுப் போனார்.

கிண்டல் இல்லை என்று அவனுக்கு அப்போதே தெரியும். வாட்ச்மேன் வேலை காலியாய்த்தான் இருந்தது. அக்கா புருஷனை வேலைக்கு வைத்தால் எப்படி அதட்டுவது என்று நினைத்தான். மாமா காய் மண்டிக்கு மூட்டை தூக்கப் போனார். நேற்று மூட்டையோடு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் உறவுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். "பொறந்த வீட்டுக் கோடியப் போட்டுடுப்பா, வண்டி நிக்குது," என்றாள் ஒருத்தி. பிரகாஷ் புதுப் புடவையோடு அக்கா முன்னால் வந்து நின்றான்.

மரகதம் நிமிர்ந்து பார்த்தாள். "நீ வாட்ச்மேன் வேலைக்குக் கூப்புட்டியாமே. மச்சான் கையில சம்பளம் வாங்குறதான்னு இவருதான் வேணான்னுட்டாராம். எங்கிட்ட சொன்னாரு."

"அக்கா, நான் கூப்..."

"தெரியும்டா," என்றாள். "பொய் சொல்றப்போ அந்தாளு சோத்துத் தட்டத்தான் பாப்பாரு."

அவன் அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். மரகதம் தானாகவே தலையைக் குனிந்தாள்.

போட்டான். கஞ்சி விறைப்பில் புடவை அவள் தோளில் உட்காராமல் நின்றது. மடிப்பில் கடைக்காரன் குத்திய குண்டூசி இருந்தது. மரகதம் அதை மெல்ல உருவி அவன் கையில் கொடுத்தாள்.

"வெறுங்காலோட நிக்கிறாங்க. ஓரமாப் போடு."