கத்துகிற பெட்டி

அவள் வாயைத் திறந்தால் போதும், மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் வாயைத் திறந்துவிடும். பாடப் புத்தகங்களை வாசித்து, பதிவு செய்து அனுப்புவது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், தலைக்கு மேல் நின்று யாரும் விரட்டமாட்டார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர், விளையாட்டுப் பைத்தியமான அவள் தம்பி தனக்குப் புதிது வாங்கியபோது அக்கா தலையில் கட்டிய பழசு. அதில் விளையாட்டுக்கென்று பொருத்திய பெரிய கிராபிக்ஸ் கார்டின் விசிறிக்கு அடக்கம் என்றால் என்னவென்றே தெரியாது.

"பின்னாடி என்னம்மா, மாவு மில் ஓடுதா?" என்று கேட்டு, பதிவுகளைச் சரிபார்க்கும் மேலாளர் ஒரு பாடத்தைத் திருப்பி அனுப்பினார். அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்த பாடத்தில் சத்தம் இன்னும் கூடியிருந்தது. அதுவும் திரும்பி வந்தது. இன்னொன்று இப்படி வந்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பட்டென்று சொல்லிவிட்டார் மேலாளர்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. முதலில் வெறுமனே இரைந்துகொண்டிருந்த விசிறி திடீரென்று இப்படி உறுமுவானேன்? குனிந்து பார்த்தாள். பெட்டியின் பக்கத்தகட்டு ஸ்க்ரூவில் புதுக் கீறல். வீட்டில் இருப்பது மூன்று பேர். பள்ளிக்குப் போகும் மகளுக்கு ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

அந்த ஆள் சோபாக்காரர், அவள் கணவர். சோபா தைக்கும் கடை அவருடையது. கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் அவள் பேரம் பேசிக்கொண்டிருந்தவரை வீட்டில் சண்டையே இல்லை. அவள் இந்த வேலைக்கு வந்ததும், "கடைக்கு ஆளில்லாம திண்டாடுறேன்" என்று நாலு பேர் முன்னால் புலம்பினார். போதாதா? இந்த வேலை போனால் யாருக்கு லாபம்?

"அந்த ரூம்ல ஏதாவது தொட்டீங்களா?" என்று சாப்பிடும்போது ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"நானா? இல்லையே." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும். அது அவருக்குக் கிடையாது.

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டினாள். மறுநாள், அவர் சாப்பிட வந்திருந்த நேரத்தில், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பும்போது, மைக்கைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்து, பதிவை ஓடவிட்டு, மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினாள். கதவு திறக்கும் சத்தம். ஸ்க்ரூ கழலும் சத்தம். அப்புறம் கத்தரிக்கோல், கறுக் கறுக்கென்று. எதையோ வெட்டுகிறார்! அதற்கு மேல் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

சாயங்காலம் அவரைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட எப்படிங்க உங்களுக்கு மனசு வந்துச்சு?" என்று கத்தி, திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்த மைக்கைக் காட்டிவிட்டு, ஸ்பீக்கரில் பதிவை அலறவிட்டாள்.

கத்தரிக்கோல் சத்தம் ஓய்ந்தது. விசிறியின் உறுமலுக்கு நடுவே அவர் குரல் கெஞ்சியது. "கத்தாத செல்லம். உன்னால அவ பாத்ரூம்ல போய் அழுவுறா. இன்னும் ஒரு மெத்தை வைக்கிறேன், சமத்தா இரு."

அவள் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

"சத்தம் நின்னதும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் அவர்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு சோபாவே இருந்தது. அளவெடுத்து ஒட்டிய ஸ்பாஞ்சு, அதன்மேல் வெல்வெட், ஓரத்தில் சோபாவுக்குத் தைக்கிற பைப்பிங் நாடா வேறு. எது கிறீச்சிட்டாலும் பஞ்சை வைத்து அடக்கிப் பழகிய கை, கண்ணில் பட்ட ஓட்டையை எல்லாம் அடைத்து வைத்திருந்தது.

தம்பிக்குப் போன் போட்டார்கள். "ஐயோ மாமா, அது மூச்சு விடுற ஓட்டை! சூடு வெளிய போக வழியில்லாம விசிறி பேய் மாதிரி சுத்தியிருக்கு" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். சோபாக்காரர் தான் ஒட்டியதைத் தானே பிய்த்தார். விசிறி இதழ்களை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசி தட்டினார். மறுபடி ஓடவிட்டு, வேகத்தைக் குறைக்கும் செட்டிங்கை அவள் மாற்றினாள். பெட்டி அடங்கியது.

"தப்புதாங்க. மன்னிச்சிடுங்க" என்றாள்.

"விடு. நானும்தான் பொய் சொன்னேன்."

அடுத்த பாடம் திரும்பி வரவில்லை. இப்போதுதான் உங்கள் குரலே கேட்கிறது என்று மேலாளர் பாராட்டினார். அதைக் கேட்டதும் சோபாக்காரருக்கும் உண்மையாகவே சந்தோஷம். வேலை நிலைத்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் கையில் தேநீரோடு வந்தவர், வாசற்படியிலேயே நின்றார். முன்பெல்லாம் கதவைக்கூடத் தட்டாமல் நுழைகிறவர்.

"மைக் ஓடுதா?"

"இல்லீங்க. வாங்க."

வந்தார். கடைக்கு வந்த ஒரு மகா கஞ்சனைப் பற்றிச் சொன்னார். இந்த மாதிரிக் கதையைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சிரிக்கிற மனிதர், அன்று மைக் ஒளிந்திருந்த திரைச்சீலைப் பக்கம் பார்த்துப் பார்த்து, குரலைத் தாழ்த்தியே சொல்லி முடித்தார்.