வாசலில் கழற்றி வைத்த கால்

அப்பாஸ் மெட்ராஸில் எஞ்சினியரிங் ஆராய்ச்சி படிக்கிறான் என்பது திண்டுக்கல் தோல் ஷாப்புக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன ஆராய்ச்சி என்றுதான் யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது என்பது தங்கை கமர்ஜஹானின் கட்சி. மனுச உடம்புக்கு மெஷின் செய்கிற புதுப் படிப்பாம். எந்த மனுசனையாவது இவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறானா என்று அவள் கேட்பாள்.

முதல் லீவில் இருதயம். ரேடியோவைப் பிரித்து, அதன் ஒயரைப் பெற்ற அத்தா அப்துல் லத்தீபின் நெஞ்சில் ஒட்டி, வீட்டையே மூச்சுவிடாமல் உட்கார வைத்தான். கடைசியில் கேட்டது சிலோன் ரேடியோவில் தலைவலி மாத்திரை விளம்பரம். அடுத்த லீவில் சிறுநீரகம். கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுக் கிட்னி வாங்கி வந்து சீசா சீசாவாகப் போட்டு வைத்தான். அந்த நாற்றத்துக்குத் தாம் தோல் பதனிடுகிற ஷாப்பே தேவலை என்று அத்தா அங்கே போய்ப் படுத்துக்கொண்டார். இருதயம் என்ன ஆச்சு என்று கேட்டால், "என் இன்ட்ரஸ்ட் மாறிடுச்சு" என்பான். புரொபசருக்கு எதன்மேல் கண்ணோ, அதன்மேல் இவனுக்கு இன்ட்ரஸ்ட். இதற்குச் சர்க்கார் மாதாமாதம் உபகாரச் சம்பளம் வேறு கொடுத்தது.

இந்த வருஷம் புரொபசரின் கண் கால்மேல் விழுந்தது. உடனே அப்பாஸுக்குத் தன் வீட்டிலேயே ஒரு கால் இருப்பது ஞாபகம் வந்தது.

கமர்ஜஹானுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவாள். சுவர் முடிந்த இடத்தில் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்வாள். ஒரு கை எப்போதும் சுவருக்கோ தரைக்கோ போய்விடும். இரண்டு கையாலும் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக் கூடத்தை நடந்து கடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பெரிய ஆசை ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் அந்தக் காலைத் தாண்டிப் போய்ச் சோறு தின்றவன், இப்போது டேப்போடு வந்து குந்தி அளவெடுத்தான். அவளைக் 'கேஸ்' என்றான்.

மெட்ராஸிலிருந்து காலிப்பர் வந்தது. இரண்டு இரும்புப் பட்டை, தோல் வார், முட்டியில் மடக்கி நிறுத்த ஒரு பூட்டு, எல்லாவற்றையும் தாங்க அடியில் ஒரு கறுப்பு பூட்ஸ். மாட்டிய அன்றே தெருக்கோடி வரை நடந்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, இரும்பு நன்றாகத்தான் நின்றது. முகம் பூரித்துப் போய்த் திரும்பி வந்து படியில் காலை வைத்தாள்.

"செருப்பு வெளிய," என்றார் அத்தா.

நாள் முழுக்கத் தோலிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் நிற்கிற மனிதர். அதனாலேயே, தொழுகிற கூடத்துத் தரை விஷயத்தில் ஈவிரக்கம் பார்க்க மாட்டார். பூட்ஸ் பட்டையோடு சேர்த்து அடிக்கப்பட்டிருந்தது. பூட்ஸைக் கழற்றினால் காலும் கூடவே கழன்றுவிடும். கமர்ஜஹான் படியில் உட்கார்ந்து வார்களை அவிழ்த்தாள். செருப்புகளுக்கு நடுவே காலிப்பரைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையூன்றி உள்ளே போனாள்.

"உள்ள எப்படிண்ணே நடக்கிறது?"

"இது இங்கிலீஷ் டிசைன். அங்க எல்லாரும் வீட்டுக்குள்ளயும் பூட்ஸோடதான் இருப்பாங்க."

"அப்ப அங்க போயி ஒரு நொண்டியத் தேடிக்க."

"கேஸ் குறுக்க பேசக்கூடாது," என்றான் மகா படிப்பாளி. பிறந்ததிலிருந்து இதே வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே போகிறவன் அவன்.

புரொபசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கொடைக்கானல் போகிற வழியில், காரை வத்தலக்குண்டுப் பக்கம் திருப்புவதற்கு முன் கேஸையும் பார்த்துவிடலாம், பிரியாணியையும் பார்த்துவிடலாம் என்று வந்தவர். வாசலில் ஷூவைக் கழற்றினார், கூடத்தில் உட்கார்ந்தார், பிரியாணியை வெளுத்துக் கட்டினார். கை துடைத்துக்கொண்டே, "எங்கே நம்ம பேஷன்ட்?" என்றார்.

கமர்ஜஹான் கையூன்றி நகர்ந்து வந்தாள். புரொபசரின் முகம் சுருங்கியது.

"வாசல்ல இருக்கு சார், ஒரு நிமிஷம்," என்று குழறிய அப்பாஸ் அவளிடம் குனிந்தான். "வெளிய வந்து நடந்து காட்டு புள்ள. என் டிகிரியே இதுலதான் இருக்கு."

"வெளிய நடக்க மாட்டேன். நடந்தா இங்கதான் நடப்பேன்."

"மானத்த வாங்காத."

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. இவனிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது? அத்தா பக்கம் திரும்பினாள். அவர் இல்லை என்றுவிட்டால் ஆயுசுக்கும் தரைதான்.

"அத்தா, வாசல்ல கெடக்கிறது செருப்பா, என் காலா?"

அப்துல் லத்தீப் அவள் கையை ஊன்றியிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். காலிப்பரை முற்றத்துக்குத் தூக்கி வந்து, தொழுகைக்கு முன் தாம் கைகால் கழுவி ஒளுச் செய்கிற செம்பில் தண்ணீர் மொண்டு, பூட்ஸின் அடியைத் தேய்த்துக் கழுவினார். தோள் துண்டால் துடைத்தார். கொண்டு வந்து மகள் முன்னால் வைத்தார்.

"பிஸ்மி சொல்லி எந்திரிம்மா. இனிமே இது தெருவுக்குப் போக வேணாம். தெருவுக்கு வேற ஒண்ணு அவன் செஞ்சு தருவான்."

அவள் வாரை இழுத்துக் கட்டினாள். எழுந்தாள். சுவரைத் தொடாமல் கூடத்தைக் கடந்து அடுப்பங்கரைக்குப் போனாள். அம்மா ஊற்றி வைத்திருந்த டீ கிளாஸ்களைத் தட்டில் அடுக்கி, தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். கூடத்தின் நடுவே வந்தாள்.

அப்பாஸ் ஆராய்ச்சிக்காகக் கொண்டு வந்திருந்த காமிராவைத் தூக்கினான். "அப்படியே நில்லு. சேலையக் கொஞ்சம் மேல தூக்கு, காலிப்பர் தெரியல."

புரொபசரே தலை குனிந்துகொண்டார். கமர்ஜஹான் நிற்கவில்லை, அவன் பக்கம் திரும்பவுமில்லை. அண்ணனைத் தாண்டிப் போய் முதல் டீயை அத்தாவிடம் நீட்டினாள். பின்னால் காமிரா ஒரு தடவை கிளிக் என்றது.

படம் கழுவி வந்தது. இரும்பும் இல்லை, பூட்டும் இல்லை. டீத் தட்டோடு ஒரு பெண் நடந்து போகிறாள், அவ்வளவுதான். இது ஆராய்ச்சிக்கு ஆகாது என்று அப்பாஸ் அதை வீட்டிலேயே போட்டுவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறினான்.