கொடி எதற்கு

அறிவரசன் என் தங்கை பூங்குழலியின் கணவன். அதற்கு முன்னால் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் படிப்பை முடித்தான். நான் இரண்டாம் வருஷத்தில் காலேஜை விட்டுவிட்டு, சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் பிரிவில் ராத்திரி ஷிப்டுக்குப் போனேன். இதை வைத்து அவன் என்னைத் தாழ்த்திப் பேசியதில்லை. அந்தக் கூட்டம் வரைக்கும்.

எங்கள் ஊரில் வீடுகள் ரோட்டுக்கு மேற்கே, பள்ளிக்கூடம் கிழக்கே. நடுவில் சுண்ணாம்புக்கல் லாரிகள். டிரைவர்களுக்கு நடைக் கணக்கில் கூலி. ஒரு நடை கூட அடித்தால் கூடக் காசு. அதனால் எவனும் பிரேக்கில் கால் வைக்க மாட்டான். ஷிப்ட் முடிந்து வரும்போது, பிள்ளைகள் புழுதியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ரோட்டோரம் நிற்பார்கள். ஒருநாள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து நீட்டினேன். லாரி நின்றது. பிள்ளைகள் போனார்கள். தினமும் அதையே செய்தேன்.

அறிவரசன் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளன். “மச்சான், இத ஒரு திட்டமா எழுதிடலாம்” என்றான். எழுதினான். சென்னையில் ஒரு அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஊரில் ஆண்டாயி அக்காவும் பொன்னம்மாளும் ஆரஞ்சுக் கோட்டு போட்டுக்கொண்டு பள்ளிக்கூட முனையில் கொடி பிடித்தார்கள். கொடியைக் கண்டால் நிற்க வேண்டும் என்று லாரி ஷெட்டுகளுக்கெல்லாம் தகவல் போனது. நான் வீட்டுக்குப் போய்த் தூங்க ஆரம்பித்தேன்.

ஊரில் அதற்குப் பெயர் ‘கொடி’. எங்கே போகிறாய் என்றால் கொடிக்குப் போகிறேன் என்பார்கள். அது எதற்கு என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்வது?

வருஷம் திரும்பியதும், பலன் இருக்கிறதா என்று பார்க்க அறக்கட்டளையிலிருந்து லாவண்யா மேடம் வந்தார். அவர் சொல்வதை வைத்துத்தான் கொடி தொடரும், இல்லையென்றால் நிற்கும். நல்ல மனுஷி. எடுத்தவுடன் கணக்கெடுக்க உட்காரவில்லை.

“மதிப்பு போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். இந்தத் திட்டம் என்ன? யாருக்கு, எங்க, எந்த நேரத்துல? ஒரு வரியில சொல்லுங்க.”

தலைமை ஆசிரியர், மாணவர் வருகை கூடியிருப்பதாகச் சொன்னார். வார்டு மெம்பர் ஊருக்கே பெருமை என்றார்.

“திட்டமா? அதெல்லாம் தெரியாதுங்க. நான் கொடி புடிக்கிறேன், லாரி நிக்கிது” என்றார் ஆண்டாயி அக்கா.

“நீ புடிக்கிற லட்சணத்துக்கு லாரி பயந்துல்ல நிக்கிது” என்றாள் பொன்னம்மாள்.

மேடமும் சிரித்துவிட்டார். “ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் எத வச்சு அளக்குறது? கலந்து பேசி, நாளைக்குக் கூட்டத்துல பொறுப்பாளர் ஒரு வரி சொல்லட்டும்.”

பொறுப்பாளர் அறிவரசன். அன்று சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை முடிவு செய்தோம். பள்ளிக்கூட நேரத்தில், பள்ளிக்கூட முனையில், பிள்ளைகளை ரோட்டைத் தாண்ட விடுவது. அவ்வளவுதான்.

“அவ்வளவுதான்ங்கிறதையும் சேத்துச் சொல்லு மாப்ள.”

“சரி மச்சான்” என்று என் தோளில் தட்டினான். என் டீக்கும் அவனே காசு கொடுத்தான்.

மறுநாள் ஷிப்டிலிருந்து நேராகக் கூட்டத்துக்குப் போனேன். உடம்பெல்லாம் சிமெண்ட். பின்னால் நின்றேன். அறிவரசன் எழுந்தான்.

“நம்ம திட்டம், இந்த ரோடு முழுக்க, குவாரியிலேர்ந்து அரியலூர் வரைக்கும், விபத்தே இல்லாம பண்றது மேடம்.”

மேடம் பேனாவை நிறுத்தினார். “முழு ரோடுமா? ராத்திரி நேரமுமா?”

“ஆமாங்க மேடம்.”

குவாரி வளைவில் அந்த வருஷம் ராத்திரியில் பைக்கில் வந்த இரண்டு பேர் செத்திருந்தார்கள். பள்ளிக்கூட முனையில் ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புகூட இல்லை. நான் கையைத் தூக்கினேன்.

“அது இல்லைங்க மேடம். முனை மட்டுந்தான். பள்ளிக்கூட நேரம் மட்டுந்தான்.”

அறிவரசன் என் பக்கம் திரும்பவே இல்லை. “செல்லதுரை நல்ல மனுஷன்தாங்க மேடம். படிப்ப பாதியில விட்டவரு, ராத்திரி ஷிப்ட் வேற. தூக்கக் கலக்கத்துல பேசுறாரு.”

நாலு பேர் சிரித்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “பொறுப்பாளர் சொல்றதத்தான் நான் எடுத்துக்க முடியும்” என்று எழுதிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எதை அளக்கச் சொன்னார்களோ அதை அளந்தார்.

வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தேன். “ஏன்டா?”

“கைய எடு மச்சான். ஒரு முனைய வச்சுக்கிட்டு எத்தன வருஷம் ஓட்டுறது? ரெண்டு மாவட்டத்துக்கும் சேத்துப் பெருசா ஒண்ணு வருது. பெரம்பலூர்ல ஆபீஸ், ஒருங்கிணைப்பாளர் நான். பெருசு வேணும்னா சின்னது பத்தலன்னு காட்டணும்ல?”

“பத்தலன்னு நீ காட்டல. தோத்துப்போச்சுன்னு காட்டியிருக்க.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்ப முனையில பிள்ளைங்க?”

“விழிப்புணர்வு போர்டு வைப்போம்.”

கொடியால் பலனில்லை என்று முடிவாகி, அடுத்த வாரமே கோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். போர்டு வந்தது. அதில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே ரோட்டைக் கடந்தது.

மறுபடியும் நான் துண்டோடு போய் நின்றேன். முதல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே என்னை உரசிப் போனது. டிரைவர் தலையை நீட்டி, “கொடியத்தான் எடுத்துட்டாங்களே, உனக்கென்னய்யா வந்துச்சு?” என்றான். முன்பு வெறும் துண்டுக்கு நின்றவர்கள். ஒரு வருஷத்தில் ஆரஞ்சுக் கோட்டுக்கு மட்டும் நிற்கப் பழகிவிட்டார்கள். எனக்குப் பின்னால் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். பெல் அடித்துவிட்டது.

அப்போது ஒரு மஞ்சள் வேன் வந்தது. அது நின்றது. ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்து, “மாமா!” என்றது. பூங்குழலியின் மகள் முத்தமிழ். கழுத்தில் டை. போன வாரம் வரைக்கும் இதே முனையில் கொடிக்குப் பின்னால் நடந்த பிள்ளை.

“புது ஸ்கூல் மாமா, அரியலூரு.”

பக்கத்தில் ஆண்டாயி அக்கா வெறுங்கையோடு நின்றிருந்தார். “உனக்குத் தெரியாதா தம்பி? அந்த யூனிபாரம் தைக்கக் குடுத்து ஒரு மாசம் ஆச்சே. உன் தங்கச்சிதான் சொல்லுச்சு.”

கூட்டம் நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. டீக்கடையில் அவன் என் தோளில் தட்டியபோதே, அவன் பிள்ளைக்கு அளவெடுத்து முடிந்திருந்தது. என் தங்கைக்கும் தெரிந்திருந்தது.

வேன் மெல்ல நகர்ந்தது. நான் அதன் முன்னால் போய் நின்றேன். அது நடு ரோட்டில் நின்றது. குறுகலான ரோடு. பின்னால் வந்த லாரி நின்றது, எதிரே வந்த லாரியும் வழியில்லாமல் நின்றது.

“போங்க” என்றேன். ஆண்டாயி அக்கா பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போனார்.

“யோவ், லேட்டாவுதுய்யா” என்றான் வேன் டிரைவர்.

“ஆவட்டும்.”

அவன் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு என்னிடம் நீட்டினான். அறிவரசன். “மச்சான், எம்புள்ள வண்டிய மறிச்சுக்கிட்டு என்ன பண்ற?”

“பள்ளிக்கூட நேரத்துல, பள்ளிக்கூட முனையில, பிள்ளைங்கள ரோட்டத் தாண்ட விடுறேன். அவ்வளவுதான்.”

போனைக் கொடுத்தேன். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூட கேட்டுக்குள் போன பிறகு விலகி வேனுக்கு வழி விட்டேன். முத்தமிழ் கை காட்டவில்லை. நாளைக்கும் அந்த வேன் இதே நேரத்துக்குத்தான் வரும்.