கன்றின் தாடை

ஆர்த்திகாவின் அண்ணன் மதுஷனை யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியில் யாரோ பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனது தொண்ணூறாம் ஆண்டு. ஏழு வருடமாக ஒரு தகவலும் இல்லை. இருந்தும் அம்மா ஞானாம்பிகை, வெள்ளிக்கிழமை தவறாமல் கனடாவில், மொன்றியலை ஒட்டிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்வாள். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை? ஆர்த்திகாவுக்கு நம்பிக்கை எப்போதோ தேய்ந்துவிட்டது. அம்மா நம்புகிறாளே என்ற ஒரே பிடியில்தான் அவளும் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் பல்கலைக்கழக மாணவர்களோடு மேற்குக் கனடாவின் அல்பேர்ட்டாவுக்குப் போய், பழங்காலத்தில் கூட்டமாக வேட்டையாடப்பட்ட காட்டெருமைகளின் எலும்புக் குவியலைத் தோண்டினாள். முழங்கால் தேயத் தேய மண்ணைத் தட்டியதில் ஒரு கன்றின் தாடை கிடைத்தது. பல் முளைத்த அளவை வைத்து அது எந்தப் பருவத்தில் செத்தது என்று சொல்லிவிடலாம். அவளுடைய ஆய்வே அதை நம்பித்தான். மொன்றியல் ஆய்வுகூடத்தை விட்டு அதை வெளியே எடுக்கக் கூடாது. இரவிரவாக அளந்து முடிக்கலாம் என்ற பேராசையில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். படித்த பிள்ளையின் புத்தி!

டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை முடித்து வந்த அம்மா, மேசையைப் பார்த்தாள்.

"உதென்ன பிள்ளை?"

"காட்டெருமைக் கண்டின்ர எலும்பம்மா. பிறந்து கொஞ்ச மாசந்தான். தாய்க்குப் பக்கத்தில கிடந்தது."

"அப்ப தாய்க்குத் தெரிஞ்சிருக்கும் என்ன, பிள்ளை எங்க கிடக்குதெண்டு."

ஆர்த்திகா அளவுகோலை எடுத்துத் தாடையின் பக்கம் குனிந்தாள்.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்தால், மேசையில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. தாடை இல்லை. அம்மா தலை முழுகி ஈரக் கூந்தலோடு நின்றாள்.

"ஆத்தில விட்டிட்டன். பாலும் பூவும் போட்டுத்தான் விட்டனான். எலும்பை வீட்டில வைச்சிருக்கக் கூடாது."

"அது மாடம்மா! திருப்பிக் குடுக்க வேண்டிய சாமான்! என்ர படிப்பே போச்சு!"

வாய்க்கு வந்தபடி கத்தினாள். அம்மா ஈரக் கூந்தலைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் அவளை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார். கெஞ்சிப் பார்த்தும் பலனில்லை. போகட்டும், அதுகூடப் பெரிதில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். ஐயருக்கு எல்லாம் மனப்பாடம்.

"மதுஷன், ரேவதி நட்சத்திரம்..." என்று தொடங்கினார்.

"இல்லை ஐயா," என்றாள் அம்மா. "இனி ஆர்த்திகா மட்டுந்தான்."

ஐயர் ஆர்த்திகாவின் பேரை மட்டும் சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்தார். ஆர்த்திகாவுக்கு அண்ணன் அப்போதுதான் செத்தான்.